கேட்க வேண்டிய ஆள்

சாந்த்ராகாச்சியை எல்லோரும் கொல்கத்தா என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அது ஹூக்ளிக்கு மறுகரையில், ஹவுரா மாவட்டத்தில் இருக்கிறது. ரயில் ஏறுகிறவருக்கு இது பெரிய விஷயமல்ல. பிரிந்த பிறகு பிள்ளை யாரிடம் இருப்பது என்று வழக்குப் போடுகிறவருக்குப் பெரிய விஷயம். குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும் என்கிறது 1890-ஆம் வருடத்துப் பாதுகாவலர் சட்டம்.

ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா சாந்த்ராகாச்சியில் ரயில்வே குவார்ட்டர்ஸில். பிரிந்துபோன அம்மா சென்னையில் தன் பெற்றோர் வீட்டில். மகளுக்கு 14 வயது, படிப்பு ஹவுராவில். தென்கிழக்கு ரயில்வேயில் தலைமுறைகளாகத் தமிழர்கள் இருப்பதால் இதற்கு அதிகக் கற்பனை தேவையில்லை. அம்மா ஹவுரா நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும்.

வார இறுதியில் ஒரு நாள் சந்திப்பு என்ற வழக்கமான உத்தரவு இங்கே உதவாது. சென்னைக்கு நேரடி ரயில் உண்டுதான், ஆனால் பயணம் ஒரு நாளைத் தாண்டும். மிஞ்சுவது விடுமுறை. அதுவும் பொருந்தாது. வங்காளத்தில் நீண்ட விடுமுறை துர்கா பூஜைக்கு. அந்த நேரத்தில் சென்னையில் அம்மாவுக்கு ஆபீஸ். பொங்கலுக்கு அம்மா வீட்டிலிருக்கும்போது மகள் மாத்யமிக் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பாள். தவிர, பூஜைப் பந்தலில் தோழிகளோடு சுற்றும் நான்கு நாட்களை எந்த 14 வயதுப் பெண்ணும் எந்தப் பெற்றோருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டாள்.

இதையெல்லாம் அவளிடம் கேட்டார்களா? ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் என்று 1956-ஆம் வருட இந்துச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பதின்வயதுக்கு அப்படி ஒரு கோடு இல்லை. யோசித்து விருப்பம் சொல்லும் வயதென்றால் நீதிமன்றம் அதைக் கருதலாம் என்று பழைய 1890 சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. 'கருதலாம்', அவ்வளவுதான்.

கொல்கத்தாவிலிருந்தே ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தாய் இறந்துவிட்டார். அந்தச் சாவில் தந்தை மீதே வழக்கு. சிறுவன் தாய்வழித் தாத்தா பாட்டியிடம். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அவனைத் தந்தையிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டன. 2008-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அவனை அழைத்துப் பேசினார்கள். அப்பாவிடம் போகமாட்டேன் என்றான். தீர்ப்பு மாறியது. அவன் பதின்வயதுக்குக்கூட வராத சிறுவன்.

கேட்பது வேறு, தேர்ந்தெடுக்கச் சொல்வது வேறு. 'உனக்கு அம்மாவா அப்பாவா?' என்று கேட்பது அவளையே நீதிபதியாக்குவது. பூஜைக்கு எங்கே, பரீட்சைக்கு எங்கே, வங்காளி மீடியத்தை விட்டுப் பத்தாவதில் தமிழ்நாட்டுக்கு மாற முடியுமா, இவை அவள் பதில் சொல்லக்கூடிய கேள்விகள். பணம் வந்ததா என்று அம்மாவும், அங்கே யார் வந்துபோகிறார்கள் என்று அப்பாவும் அவள் மூலமாக விசாரிப்பது இன்னொரு வகை. செல்போன் வந்த பிறகு இந்தத் தூது இன்னும் சுலபமாகிவிட்டது.

அதே செல்போனால் நல்லதும் உண்டு. 2020-ல் உச்ச நீதிமன்றம், குழந்தையைத் தன்னிடம் வைத்திராத பெற்றோருக்குத் தினமும் ஐந்து பத்து நிமிடம் பேசும் உரிமை வேண்டும் என்றது. வெளியூர் என்றால் வீடியோ அழைப்பு. சந்திப்பு எங்கே, எப்படி என்பதை உத்தரவிலேயே விவரமாக எழுதச் சொன்னது. சாந்த்ராகாச்சிக்கும் சென்னைக்கும் நடுவே இதுதான் நடக்கக்கூடிய ஏற்பாடு.

இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு தரலாம், பெற்றோர் திட்டத்தை எழுத்தில் வாங்கலாம் என்று சட்டக் கமிஷன் 2015-ல் தன் 257-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. இன்னும் சட்டமாகவில்லை. ஆகவே எல்லாம் அந்தந்த நீதிபதியின் கையில். வழக்குகள் நகரும் வேகத்தில், நீதிபதி அவளைக் கூப்பிடுவதற்குள் அவளுக்கு 18 முடிந்து, மனுவே காலாவதியாகிவிட்டாலும் ஆச்சரியமில்லை.