துகில் எழுதிய கையும் நஞ்சான பாலாறும்

வேலூரிலும் ஆம்பூரிலும் பெண்பிள்ளைகட்குத் துணியழகுப் பயிற்சி தரும் வகுப்புகள் பல நடக்கின்றன. நன்று! ஆனால் அங்கு நுழையும் பிள்ளை முதற்கண் கற்பது யாது? ‘டை அண்டு டை’, ‘பேட்டிக்’, ‘பேப்ரிக் பெயிண்டிங்’, ‘எம்பிராய்டரி’ என்னும் அயற்சொற்கள். புட்டியில் அடைத்து விற்கும் வேதிச்சாயம்! கட்டுச்சாயம், மெழுகுச்சாயம், துகிலெழுத்து, பூத்தையல் என்று சொல்லத் தமிழன் நாவில் முள்ளா தைத்துள்ளது? ‘எழுதுதல்’ என்பது ஓவியந் தீட்டுதலையும் குறித்த பழந்தமிழ்ச் சொல். அதிருக்க, எழுதுகோல்வேலை எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லால் ‘கலம்காரி’ என்கின்றனர். தேர்ச்சீலையும் தொம்பையும் எழுதிவரும் கருப்பூர்க் கைவினைக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதுவும் அவ்வயற்பெயரோடுதான்!

பெயர் போனால் போகட்டும், தொழில் இருக்கிறதே என்பார் உளர். தொழிலும் எங்கே இருக்கிறது?

துகிலெழுதுவோன் முதலில் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் துணியை ஊறவைப்பான். இரும்புத்துண்டை வெல்லநீரில் புளிக்கவைத்து எடுத்த நீரால் கோடிழுப்பான். கடுக்காய் ஏறிய துணியில் அக்கோடு கருமையாக ஊன்றிவிடும். செம்மை வேண்டுமிடத்தில் படிகாரம் பூசிச் சாயவேர் நீரில் காய்ச்சினால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டுமே சிவப்பு நிலைக்கும். மற்றையது ஓடுநீரிலும் வெயிலிலும் வெளுத்துப் போகும். ஒவ்வொரு படிக்கும் ஓடுநீர் வேண்டும்; நீர் கெட்டால் நிறமும் கெடும்.

இவ்வறிவைக் கண்டு அஞ்சியே 1686-இல் பிரஞ்சு அரசும், 1701-இலும் 1721-இலும் ஆங்கில அரசும் கீழைநாட்டு வண்ணத்துணிகளுக்குத் தடை போட்டன. சோழமண்டலக் கரையின் சாயமுறைகளைக் கேட்டறிந்து 1742-இல் தம் நாட்டுக்கு எழுதியனுப்பியவர் கேர்தூ என்னும் பிரஞ்சுப் பாதிரியார். அயலான் எழுதிவைத்தான்; உரியவன் எழுதிவைத்திலன்! 1856 சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசாவுக்குப் புகைவண்டி ஓடிற்று. அதே ஆண்டில்தான் இலண்டனில் பெர்க்கின் நிலக்கரித் தாரிலிருந்து முதல் வேதிச்சாயத்தை எடுத்தான். 1868-இல் சாயவேரின் செம்மைக்கு மூலமான அலிசரினும் செருமானியர் ஆய்வறையில் பிறந்தது. நெசவுக்கும் சாயத்துக்கும் பெயர்பெற்ற வாலாசாப்பேட்டைக்குப் புகைவண்டி எதைக் கொணர்ந்தது என்பதை விரிக்க வேண்டுவதில்லை.

எஞ்சியிருந்தது பாலாறு. அதையும் தோல்தொழில் கொண்டது. முன்னாளில் தோல் பதனிட்டோரும் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையுமே கையாண்டனர். சாயக்காரன் நாடிய அதே கடுக்காய்! (பட்டைக் கழிவும் தூயதன்று, பொய் சொல்ல வேண்டா.) 1970-களில் நடுவணரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதியை ஒடுக்கியபின், குரோமிய உப்புப் பதனீடு பெருகிற்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைக் கிணறுகள் உப்பாயின. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் கெட்டதென 1996 ஆகத்து 28-இல் தீர்ப்புரைத்த உச்சநயன்மன்றம் எடுத்துக்காட்டிற்று. ஆலைக்குப் பத்தாயிரம் உருபா தண்டமும் இட்டது. பத்தாயிரம்! ஓர் ஆற்றின் விலை அவ்வளவுதான் போலும். அதே பாலாற்றுக்காக 2025 சனவரியில் அம்மன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது என்றால், இடைப்பட்ட இருபத்தெட்டு ஆண்டும் என்ன நடந்தது?

தோல்தொழில் பல்லாயிரவர்க்குச் சோறிடுகிறதே என்பர். இடுகிறது. காலணியின் மேற்றோலை வீட்டுத் திண்ணையிலேயே கையூசியால் தைத்துக் குறைகூலி பெறும் ஆம்பூர்ப் பெண்டிரைக் கேட்டால், அச் சோற்றின் அளவு விளங்கும். காலணி கடல்கடந்து போகிறது. உப்பு மட்டும் ஊரில் தங்குகிறது. பூத்தையலில் பெயர் நாட்டவல்ல விரல்கள் அவை.

சவ்வாது மலையில் கடுக்காய் இன்றும் காய்க்கிறது. மேட்டு நிலமெல்லாம் ஆவாரை பூக்கிறது. திண்டிவனம் பக்கத்தில் அவுரி விளைகிறது. குடியாத்தமெனத் திரிந்த குடியேற்றத்தில் தறியோசை இன்னும் அடங்கவில்லை. ஆலைக்கழிவு ஒரு துளியும் பாலாற்றில் இறங்காதவாறு அரசு தடுக்கட்டும். வாலாசாப்பேட்டையிலும் குடியேற்றத்திலும் செடிச்சாயப் பட்டறைகளை அமைத்து, கருப்பூரின் கைவல்லாரை ஆசிரியராக அமர்த்தி, பாடத்தைத் தமிழில் நடத்தட்டும். அங்கே முதல்நாள் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டியது புட்டிச்சாயம் அன்று. ஒரு பிடி கடுக்காய்.