திண்ணையும் குழித்தறியும் இல்லாத மென்பொருள்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் சுற்றுச்சுவரை ஒட்டி 58 சிறு சன்னதிகள் வரிசையாக நிற்கின்றன. எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய மணற்கல் கோயில் இது. இப்படிப்பட்ட கோயில்களை அளந்து வரைவது கட்டடக்கலைப் படிப்பில் வழக்கமான பயிற்சி. கல் 1,300 ஆண்டுகளாக நிற்கிறது. அதன் வரைபடமோ, ஒரு தனியார் நிறுவனம் தன் வசம் வைத்திருக்கும் கோப்பு வடிவத்தில் முடங்கிவிடுகிறது.

கட்டட வரைவில் புழங்கும் ஆட்டோகேட் மென்பொருளின் தயாரிப்பாளரான ஆட்டோடெஸ்க், 2016இல் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திவிட்டுச் சந்தா முறைக்கு மாறியது. படிக்கும்போது மாணவர்களுக்கு இலவசம். பட்டம் வாங்கிச் சிறு அலுவலகம் தொடங்கியதும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். 2020 ஜூலையில் ஜாஹா ஹதீத் ஆர்க்கிடெக்ட்ஸ் உள்ளிட்ட பல கட்டடக்கலை நிறுவனங்கள், ஆட்டோடெஸ்க்கின் இன்னொரு வரைவுக் கருவியான ரெவிட் மென்பொருளின் செலவு ஏறுகிறதே தவிர, அதற்கேற்ப அது மேம்படவில்லை என்று ஆட்டோடெஸ்க்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. உலகப் புகழ்பெற்ற அலுவலகங்களே இப்படிப் புலம்பும்போது, இரண்டு கணினியோடு தொழில் நடத்துபவர் என்ன செய்வார்?

மாற்று வழி இருக்கிறது. 2002இல் தொடங்கிய இலவசக் கட்டற்ற வரைவு மென்பொருளான ஃப்ரீகேட், 2024 நவம்பரில் 1.0 பதிப்பை எட்டியது. முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் மீது இயங்கும் பான்சாய், ஐ.எஃப்.சி. என்ற பொதுத்தர வடிவத்திலேயே கட்டடத்தை உருவாக்குகிறது. இவற்றைச் சுற்றி, கட்டடக் கலைஞர்களும் நிரலாளர்களும் கூடும் ஓ.எஸ்.ஆர்க் என்ற இணையக் குழுமம் 2020இல் உருவானது.

ஆனாலும், இலவசம் என்பதற்காக யாரும் மாறிவிட மாட்டார்கள். பொறியாளரும் ஒப்பந்ததாரரும் ஆட்டோகேட்டின் டி.டபிள்யூ.ஜி. கோப்பைத்தான் கேட்கிறார்கள். நாளை காலை வரைபடம் கொடுக்க வேண்டும், இரவு பதினொரு மணிக்குப் படிக்கட்டு சரியாக உட்காரவில்லை என்றால் யாரைக் கேட்பது? இதற்கு விடை சொல்ல ஆள் இருந்தால்தான் மென்பொருள் நிலைக்கும்.

அப்படிப்பட்ட ஆட்கள் காஞ்சியின் பெயரிலேயே கூடுகிறார்கள். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, ஞாயிறு மாலைகளில் ஜிட்சி வழியாக இணையத்தில் சந்திக்கிறது. யாரும் சேரலாம், தமிழிலேயே கேட்கலாம். ‘கணியம்’ இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தொடர்ந்து தமிழில் எழுதிவருகிறது. அதில் இரா. அசோகன் எழுதிய ‘எளிய தமிழில் CAD/CAM/CAE’ தொடர், கட்டற்ற வரைவுக் கருவிகளையும் அறிமுகப்படுத்தியது. கணினி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பாடத் தொடர் இருக்கிறது. இந்த வட்டத்துக்குள் கட்டடக் கலைஞர்கள்தாம் போதிய அளவில் வரவில்லை.

அவர்கள் வந்தால் செய்வதற்கு வேலை நிறைய உண்டு. சந்தை மென்பொருளின் ஆயத்த நூலகங்களில் சோபாவும் சுழல் நாற்காலியும் கிடைக்கும்; திண்ணையோ, நெசவாளர் வீட்டின் குழித்தறியோ கிடைக்காது. தறிக்கு எவ்வளவு நீளம் விட வேண்டும், நெய்பவர் கால் வைக்கும் குழி எவ்வளவு ஆழம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும் என்பதெல்லாம் பட்டு நெசவுத் தெருக்களில் அளந்தே அறிய வேண்டியவை. ஒருவர் அளந்து ஐ.எஃப்.சி. வடிவில் பொதுவில் வைத்தால், அடுத்தவர் ஆரணியிலோ திருபுவனத்திலோ அதைத் திருத்திப் பயன்படுத்தலாம்.

கோயில் உறுப்புகளுக்கும் இது பொருந்தும். திராவிட விமானம் அடித்தளமான அதிட்டானம் முதல் உச்சியிலுள்ள தூபி வரை விகிதத்தால் கட்டப்படுவது. ஃப்ரீகேட்டில் உறுப்புகளின் அளவுகளை ஒன்றோடொன்று விகிதத்தால் பிணைத்துவிடலாம். அதிட்டானத்தின் ஓர் உறுப்பான குமுதத்தின் உயரத்தை மாற்றினால், மேலுள்ள உறுப்புகளும் கூடவே மாறும். ஸ்தபதிகளின் கணக்கை அப்படியே எழுதிவைக்க ஏற்ற கருவி இது. அந்தக் கணக்கைக் கற்றுத்தரும் அரசு சிற்பக்கலைக் கல்லூரி, அருகிலேயே மாமல்லபுரத்தில் இருக்கிறது.

முதல் வேலையாக, கட்டடக்கலைக் கல்லூரிகள் மாணவர்களின் அளவெடுப்பு வரைபடங்களை ஐ.எஃப்.சி. வடிவிலும் வாங்கி, கட்டற்ற உரிமத்தில் வெளியிட வேண்டும். காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவிடம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பைக் கட்டட வரைவுக்கென்று கேட்டுப் பெறலாம். கைலாசநாதரின் ஒரு சிறு சன்னதியை எடுத்துக்கொண்டு மாணவரும் ஸ்தபதியும் நிரலாளரும் சேர்ந்து வரைந்து முடித்தால், மீதி 57க்கும் வழிமுறை கிடைத்துவிடும்.