விழா முடிந்த பின்னர்

சென்ற மாதம் வெள்ளவத்தையில் நூல் வெளியீட்டு விழாவொன்று இனிது நிறைவேறியது. சபையோர் கலைந்தபின் காரியதரிசிக்குத் துணையாக நானும் மண்டபத்தில் நின்றேன். வந்திருந்தோர் எண்பது பேருக்கு மேலிரார். அவர்கள் விட்டுச் சென்றவையோ இரண்டு சாக்குகளை நிறைத்தன: பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல்கள், சிற்றுண்டிப் பெட்டிகள், மாலைகளைச் சுற்றிவந்த பொலித்தீன். மேடைப் பதாகையைக் கழற்றிச் சுருட்டியவாறே, "ஐயா, இதை என்ன செய்வது?" என்றார் காரியதரிசி. அதில் திகதியும் பிரதம விருந்தினரின் உருவமும் அச்சாகியிருந்தன. அன்றிரவு எட்டு மணியோடு அதன் ஆயுள் முடிந்துவிட்டது. பார்வைக்குத் துணிபோலிருப்பினும் அது பிளாஸ்டிக் பூசிய சீலை, மக்காது, எரித்தால் நச்சுப்புகை. நான் விடை சொல்லவில்லை. விழாவை ஒழுங்குசெய்தோருள் நானும் ஒருவன்.

இச்சிறு குப்பைக்கு இத்தனை பேச்சா என்று வாசகர் கேட்கலாம். கொழும்பின் குப்பை எங்கே போகிறதென்று நாம் கேளாதிருந்த காலமொன்றுண்டு. 2017 ஏப்ரில் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து அயலிலிருந்த வீடுகளை மூடியது. 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பரில் பொலித்தீன் உணவுத்தாளும் ரெஜிபோம் பெட்டியும் தடைசெய்யப்பட்டபோது, பண்பாட்டு விழாக்களில் பொலித்தீன் அலங்காரமும் கூடவே தடைசெய்யப்பட்டது. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் கோப்பைகளும் பிளாஸ்டிக் பூமாலைகளும் அப்பட்டியலிற் சேர்ந்தன. சட்டம் சொல்லித்தான் கலையன்பர் கேட்க வேண்டுமா? நெய்தல் திணை பற்றி ஒரு மணிநேரம் உரையாற்றும் நம் அறிஞர்கள், வெள்ளவத்தைக் கால்வாய் கடலிற் கொண்டுபோய்ச் சேர்ப்பவற்றை ஒருமுறை பார்த்துவரலாம்.

நம்மவர்க்குச் சிக்கனம் புதிதன்று. வட்டக்களரியில் ஆடிய கூத்துக்குத் தீட்டிய திரை எதுவும் வேண்டியிருக்கவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தை 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என நவீன மேடைக்குக் கொணர்ந்தபோதும், ஆட்டமும் பாட்டும் மத்தளமுமே அதன் உயிராயிருந்தன. சீன் கட்டி நாடகம் ஆடிய குழுக்களும் அவற்றை வாடகைக்கே எடுத்தார்களென்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரே அரண்மனைத் திரையின் முன் எத்தனையோ அரசர்கள் கொலுவிருந்தார்கள்!

இன்று நாம் ஏன் ஒவ்வொரு முறையும் புதிதாய் வாங்கி எறிகிறோம்? பகட்டு ஒரு காரணம். பிரதம விருந்தினர் நேரிலே வீற்றிருக்க, அவர் முதுகுக்குப் பின்னால் அவருடைய படம் எதற்கென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் பெரிய காரணம் வேறு. 1902இல் தோன்றிய கொட்டாஞ்சேனை விவேகானந்த சபைக்கும், 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கும் சொந்தக் கூரை உண்டு. நம்முடைய சிறு சபைகளோ வாடகை மண்டபத்தில் மூன்று மணிநேரம் வாழ்பவை. அவற்றுக்கு அலுமாரி ஏது? அறுபது குவளைகளைக் கழுவி எங்கே வைப்பது? காரியதரிசியின் வீட்டுக் கட்டிலின் கீழ் ஏற்கெனவே விற்காத நூற்பிரதிகள் கிடக்கின்றன. (2022 மார்ச்சில் தாளில்லாமல் மேல்மாகாணப் பள்ளிப் பரீட்சைகளே தள்ளிவைக்கப்பட்டதைக் கண்ட பின்னரும், ஐந்நூறு பிரதி அச்சிட்டு நூறு விற்கும் வழக்கத்தை நாம் விடவில்லை. இதனைத் தனியே ஒருநாள் எழுதவேண்டும்.)

ஆகவே என் யோசனை மிகச் சிறியது. வெள்ளவத்தையில் ஒன்று, கொட்டாஞ்சேனையில் ஒன்று: இரண்டு பொது அலுமாரிகள். எவர்சில்வர் குவளைகள், தண்ணீர்க் கொள்கலன், குத்துவிளக்கு, மேடைக்கு ஒரு பருத்தித் திரை. சபையின் பெயரை மட்டும் துணியில் எழுதிவைத்தால், திகதியையும் நிகழ்ச்சியையும் தாளில் எழுதி ஊசியாற் குத்திக்கொள்ளலாம். எடுப்பவர் கழுவித் திருப்பித் தரவேண்டும், கொப்பியொன்றிற் கையெழுத்திடவேண்டும்.

சென்ற வாரம் நாலு சபைகளின் காரியதரிசிகளிடம் இதைச் சொன்னேன். குவளைக்கு எவரும் மறுப்புச் சொல்லவில்லை. அலுமாரியின் திறப்பு எந்தச் சபையிடம் இருப்பது என்பதிலே பேச்சு நின்றுவிட்டது. இருவர் தேநீர் வருமுன்பே எழுந்து போய்விட்டார்கள். அடுத்த ஞாயிறு மீண்டும் கூடுகிறோம். எங்கள் சபை குவளைகளை வாங்கித் தரும். திறப்பு எங்களுக்கு வேண்டாம் என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன்.