அடுப்படிக் கணக்கில் விடுபட்ட கூலி

வீட்டில் சமைப்பதே சிக்கனம், கடையில் வாங்கினால் காசு கரையும் என்பது நம் ஊரில் கேள்வி கேட்கப்படாத முடிவு. அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, கேஸ் எல்லாவற்றையும் கூட்டி நாலு பேருக்கு வகுத்தால் அது சரியாகத்தான் வரும். ஆனால் ஊறவைத்து, அரைத்து, நறுக்கி, தாளித்து, கடைசியில் பாத்திரமும் துலக்குகிறவரின் நேரம் அந்தக் கூட்டலில் சேர்வதே இல்லை. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலை பார்க்கும் பெண்களுக்கு அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் போகிறது. ஆண்களுக்கு 88 நிமிடம். இதில் சமையலுக்குப் போகும் நேரத்தைப் பூஜ்யம் என்று எழுதிவிட்டுத்தான் வீட்டுச் சாப்பாடு மலிவு என்கிறோம்.

அதற்கு விலை போட முடியாது, அது அன்பு என்பார்கள். அன்பு இருக்கட்டும், உழைப்புக்குத் தெருமுனை மளிகைக் கடை ஏற்கெனவே விலை போட்டுவிட்டது. இட்லி மாவு பாக்கெட்டுக்கும் அதிலுள்ள அரிசி உளுந்துக்கும் இடையிலான விலை வித்தியாசத்தில், வியாபாரியின் லாபம் போக மிச்சம் பெரும்பாலும் ஊறப்போட்டு, கிரைண்டர் ஓட்டி, அதைக் கழுவி வைப்பதற்கான கூலி. பாக்கெட் மாவு வாங்குவதை இன்று யாரும் ஊதாரித்தனம் என்பதில்லை. அதே கூலி தள்ளுவண்டி இட்லியின் விலையில் இருந்தால் மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? தனியாளுக்கு இது இன்னும் பொருந்தும். ஒருவருக்கு சாம்பார் வைத்தாலும் நாலு பேருக்கு வைத்தாலும் நிற்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். மிஞ்சிய கீரைக்கட்டு வாடிப்போவதும் செலவுதான். திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியிருப்பவரைச் சமைத்துச் சாப்பிடச் சொல்வது சிக்கன யோசனை ஆகாது. நாலு பேர் உள்ள வீட்டில் தினமும் மூன்று வேளையும் பார்சல் என்றால் கட்டுப்படியாகாது, மறுக்கவில்லை.

வலுவான ஆட்சேபம் உடல்நலம் பற்றியது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயும், பிளாஸ்டிக் பையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிய சாம்பாரும் பின்னால் மருத்துவச் செலவாக வந்து நிற்கலாம். ஆனால் இதற்காகப் பெண்களை அடுப்படிக்கே திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. மலிவான, கண்காணிப்புள்ள பொதுச் சமையலறைகள் வேண்டும். 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் 1 ரூபாய்க்கு இட்லியும் 5 ரூபாய்க்கு சாம்பார் சாதமும் 3 ரூபாய்க்குத் தயிர் சாதமும் கொடுத்தது. அது மானியத்தின் விலை, உண்மையான விலை அல்ல என்பார்கள். உண்மைதான். ரேஷன் அரிசி வேகும் வீட்டு உலையிலும் அதே மானியம் இருக்கிறது. அதை யாரும் கழித்துக் கணக்குப் பார்ப்பதில்லை. நூறு பேருக்கு ஒரே இடத்தில் சமைக்கும்போது தட்டு ஒன்றுக்கு ஆகும் எரிபொருளும் உழைப்பும் குறைகின்றன, சமைக்கும் பெண்களுக்குக் கூலியும் கிடைக்கிறது. ஆகவே இந்த உணவகங்களை நஷ்டக் கணக்கில் எழுதி ஒதுக்கக் கூடாது. அம்பத்தூர், திருப்பூர் போன்ற இடங்களில் ஷிப்ட் முடிந்து பெண்கள் வெளியே வரும் நேரத்தில் அவை திறந்திருக்க வேண்டும்; இரவுச் சாப்பாட்டை அங்கிருந்தே வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போக முடிய வேண்டும்.