ஏழாயிரம் ரூபாய் மெஷினும் நூற்றைம்பது ரூபாய் அரமும்

சீமைக் கருவேலத்தைப் பற்றி தமிழ்நாட்டில் எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கிறது. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, காற்றில் இருக்கிற ஈரத்தைக் கூட விடாது, காமராஜர் கொண்டு வந்தார், இல்லை வெள்ளைக்காரன் கொண்டு வந்தான்... (வெள்ளைக்காரன் காலம்தான். 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. காமராஜரை விட்டுவிடுங்கள், பாவம்.) 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வெட்டச் சொன்னது, அதே வருடம் சென்னையில் தடையும் வந்தது. அதற்கும் ஆளுக்கொரு கருத்து. ஆனால் அந்த மரத்தை யார் வெட்டுகிறார், எதை வைத்து வெட்டுகிறார் என்று கேட்டால் மட்டும் ஒருத்தரிடமும் பதில் கிடையாது.

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் இது பிழைப்பு. கரி மூட்டத்துக்கு, செங்கல் சூளைக்கு, பேக்கரிக்கு, கல்யாண வீட்டு அடுப்புக்கு என்று டன் கணக்கில் விறகு போகிறது. ஒரு காலத்தில் அருவாளும் கோடாலியும்தான். இப்போது செயின் சா. இணையத்தில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கே வருகிறது. 58 சிசி, 22 இஞ்ச் பிளேடு, விலை ஆறாயிரத்திலிருந்து ஏழாயிரத்துக்குள். ஒரு சுமாரான செல்போனை விட மலிவு. வாங்குகிறவர் பெட்டியைப் பிரித்து, பெட்ரோலை ஊற்றி, கயிற்றை நாலு இழு இழுத்து, சத்தம் வந்ததும், "அம்புட்டுத்தான், இனி காடு நம்ம காடு" என்கிறார்.

அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. ஏழாயிரம் என்பது செயின் சாவின் விலை கிடையாது. அது நுழைவுக் கட்டணம். மீதி விலையை யாராவது ஒருத்தர் கட்டியே ஆக வேண்டும். முதலாளி கட்டவில்லை என்றால், மெஷினைப் பிடித்திருக்கிறவர் கட்டுகிறார். பணமாக இல்லை. முதுகாக, காதாக, விரலாக.

பி.காம் முதல் வருடத்தில் தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டே படிப்பது. பொருளை வாங்கின அன்றைக்கு மட்டும் செலவு இல்லை, அது தேயத் தேயச் செலவு, அதைக் கணக்கில் காட்டாதவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான் என்பதுதான் மொத்தப் பாடமும். செயின் சாவில் தேய்மானத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம், வருட முடிவு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அறுக்கும்போது மெஷினிலிருந்து என்ன விழுகிறது என்று பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் செயின் கூராக இருக்கிறது. மாவு மாதிரித் தூள் பறந்தால் செயின் மொக்கை. அவ்வளவுதான் சோதனை.

சீமைக் கருவேலத்தில் இது சீக்கிரமே நடக்கும். தேக்கு மாதிரி ஒற்றைத் தண்டாக நேரே வளர்கிற மரமா அது? அடியிலிருந்தே ஐந்தாறு கிளையாகப் பிரிந்து, தரையோடு தரையாகப் படர்ந்து, முள்ளும் புதருமாக நிற்கிறது. வைரம் பாய்ந்த கட்டை வேறு. விறகு வீணாகக் கூடாது என்று தரையை ஒட்டி அறுப்பார்கள். பிளேடு ஒரு தடவை மண்ணைத் தொட்டால் போதும், காலையில் போட்ட கூர் காணாமல் போய்விடும். மணலில் ஓடுகிற செயினுக்கும் சாணைக்கல்லில் தலைகீழாகத் தேய்த்த கத்திக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கூர் போடுவது மந்திர வித்தை இல்லை. செயினின் அளவுக்கேற்ற உருட்டு அரம் வேண்டும், 4 மில்லிமீட்டரோ 4.8 மில்லிமீட்டரோ. விலை சுமார் நூற்றைம்பது ரூபாய். ஒவ்வொரு பல்லிலும் உள்ளிருந்து வெளியே, சாய்வு மாறாமல், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் நாலைந்து தள்ளு. ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம். ஒரு பக்கத்துப் பல் மட்டும் கூராக இருந்தால் அறுப்பு கோணிக்கொண்டு போகும், பிளேடு மரத்துக்குள் மாட்டும். பழகின கைக்குக் கால் மணி நேர வேலை. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சின்ன மேடு ஒன்று இருக்கும், பல் எவ்வளவு ஆழமாகக் கடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். நாலைந்து தடவை கூர் போட்ட பிறகு அதையும் தட்டை அரத்தால் கொஞ்சம் இறக்க வேண்டும். கொஞ்சம்தான். "நல்லா இறக்கினா வேகமா அறுக்கும்ணே" என்று ராவித் தள்ளுகிற அறிவாளிகளும் உண்டு. அந்த மெஷின் மரத்தை அறுக்காது, கடித்து இழுக்கும்.

(கொசுறுத் தகவல்: இன்றைக்குப் பெரும்பாலான மெஷின்களில் ஓடுகிற இந்தச் செயின் பல்லின் வடிவம் ஒரு புழுவிடமிருந்து வந்தது. 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்கிற மரம் வெட்டுகிறவர், கட்டையை இடதும் வலதுமாகக் கடித்துக்கொண்டே போகிற ஒரு வண்டுப் புழுவைப் பார்த்து அதே மாதிரி பல் செய்தார். அதற்கு முன்பிருந்த செயின்களை ராவுவதிலேயே நேரம் போய்விடும். அந்தக் கஷ்டம் தாங்காமல் ஒருத்தர் புழுவிடம் பாடம் படித்திருக்கிறார். நம் ஆட்களுக்குக் கால் மணி நேரம் அரம் பிடிக்க வலிக்கிறது.)

வலிக்கிறது என்பது கூடச் சரியில்லை. வலிப்பது கணக்கில்தான். கமுதிப் பக்கம் ஒரு விறகு காண்ட்ராக்டர் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் அவருடையது. அறுக்கிறவருக்கு டன்னுக்கு இவ்வளவு என்று கூலி, அதிலிருந்து மெஷின் வாடகை கழிப்பு. இப்போது அறுக்கிறவர் ஒரு நாளில் மூன்று தடவை நிறுத்திக் கூர் போட்டால் முக்கால் மணி நேரம் போச்சு. அந்த முக்கால் மணி நேரத்துக்கு யார் கூலி தருவார்? யாருமில்லை. அரம் யார் வாங்க வேண்டும்? அறுக்கிறவர். செயின் யாருடையது? முதலாளியுடையது. ஆக, முதலாளியின் சொத்தைத் தன் கைக்காசிலும் தன் நேரத்திலும் பராமரிக்க வேண்டியவர், அதற்கு வாடகையும் கொடுக்கிறார். இந்தக் கணக்கை எந்தப் பரீட்சையில் எழுதினாலும் முட்டை மார்க்தான் விழும். அவர் என்ன செய்வார்? மொக்கைச் செயினை வைத்தே அழுத்தி அறுப்பார்.

அந்த அழுத்துவதில்தான் உயிர் இருக்கிறது. கூரான செயின் தானே மரத்துக்குள் இறங்கும், கை வெறுமனே வழி காட்டினால் போதும். மொக்கைச் செயினுக்கு உடம்பின் பாரத்தைக் கொடுக்க வேண்டும். மெஷின் சூடாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும், அதிர்வு ஏறும். கட்டை திடீரென்று அறுந்து விழும்போது, பாரத்தைக் கொடுத்திருந்தவர் மெஷினோடு சேர்ந்து முன்னால் போவார். முழு வேகத்தில் செயின் விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது, அதாவது மணிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். விரலை எடுத்தவுடன் அது அந்த இடத்திலேயே நின்றுவிடாது.

இன்னொன்று, பிளேடின் மூக்கு. மூக்கின் மேல்பாதி எதன் மீதாவது பட்டால் மெஷின் மொத்தமும் கண் இமைப்பதற்குள் எகிறி, பிடித்திருப்பவரின் முகத்துக்கோ கழுத்துக்கோ வரும். ஒற்றை மரத்தில் இது நடப்பதைத் தவிர்க்கலாம், மூக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். புதராக நிற்கிற கருவேலத்தில் எப்படிப் பார்ப்பது? அறுக்கிற கிளைக்குப் பின்னால் இன்னொரு கிளை இருக்கும், இலையும் முள்ளும் மறைத்திருக்கும். 22 இஞ்ச் பிளேடு இந்த மரத்துக்குத் தேவையே இல்லை. கைத் தண்டி, தொடைத் தண்டிக் கிளைக்கு 14 இஞ்சோ 16 இஞ்சோ தாராளம். நீளமாக இருந்தால் கெத்து என்று வாங்குகிறார்கள். கெத்துக்கு ஆறு இஞ்ச் கூடுதல் மூக்கு!

முன்கைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கிறது அல்லவா, அது கையை மறைக்க மட்டும் வைத்ததில்லை, பிரேக்கும் அதுதான். மெஷின் எகிறும்போது கை அதில் பட்டு முன்னால் தள்ளினால் செயின் நிற்க வேண்டும். மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து அதை அடைத்துவிடும். தினமும் காலையில் மெஷினை ஓடவிட்டு, அதை ஒரு தட்டுத் தட்டி, நிற்கிறதா என்று பார்க்க எத்தனை பேருக்குத் தெரியும்? உடைந்த தடுப்பைக் கழற்றி வீசிவிட்டு "இப்பத்தான் பிடிக்க வாட்டமா இருக்கு" என்று ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எண்ணெய்க் கதை தனி. இந்த மெஷினுக்கு இரண்டு டேங்க். ஒன்றில் பெட்ரோலோடு டூ டி ஆயில் கலக்க வேண்டும். இந்த விலை மெஷின்களில் பலவற்றுக்கு லிட்டருக்கு 40 மில்லி, நல்ல கம்பெனி மெஷினுக்கு அதன் ஆயிலோடு 20 மில்லி. கூட வருகிற காகிதத்தில் போட்டிருக்கும், அதைப் பெட்டியோடு சேர்த்து அடுப்பில் போட்டிருப்பார்கள். வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் இறுகிப்போகும், ஏழாயிரம் அம்பேல். அதனால் இதை மட்டும் முதலாளிகள் பொறுப்பாகச் செய்கிறார்கள். அவர்கள் பாக்கெட்டில் அடிக்கிறதல்லவா!

இரண்டாவது டேங்க் செயினுக்கான ஆயில். செயினும் பிளேடும் உரசுகிற இடத்தில் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டியது. இங்கேதான் டிராக்டரிலிருந்தும் பைக்கிலிருந்தும் வடித்த கருப்பு வேஸ்ட் ஆயில் வருகிறது. சும்மா கிடைக்கிறதே! அதில் இருக்கிற இரும்புத் துகள் ஆயில் போகிற சின்ன ஓட்டையை அடைக்கும், பிறகு பிளேடு காய்ந்து நீலம் பாரிக்கும், செயின் இழுபட்டுத் தொய்ந்து கழன்று அடிக்கும். செயின் ஓடும்போது அந்த ஆயில் பொடியாகத் தெறித்து அறுக்கிறவரின் கையிலும் வேட்டியிலும் மூச்சிலும் போகிறது. பழைய என்ஜின் ஆயில் தோலில் நாள்பட ஊறக் கூடாதது என்று மெக்கானிக் ஷெட் பையனுக்கே தெரியும். மூன்று லிட்டர் பெட்ரோல் செலவாகிற நாளில் செயின் ஆயில் ஒன்றரை லிட்டர் போகும். முதலாளி மிச்சம் பிடிப்பது அந்தக் காசைத்தான்.

"இருபது வருஷமா இப்படித்தான் அறுக்கோம், ஒண்ணும் ஆகலை" என்று ஒரு குரல் எப்போதும் வரும். ஒன்றும் ஆகாதவர்தான் பேசுகிறார். ஆனவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், அல்லது வேலைக்கே போகவில்லை. ஆனதெல்லாம் ரத்தமாகத்தான் தெரிய வேண்டும் என்றும் இல்லை. வருடக்கணக்கில் இந்த அதிர்வைப் பிடித்த கைகளில் விரல் நுனி வெளுத்து மரத்துப் போகும், சட்டைப் பித்தானைப் போட முடியாது. வெளிநாட்டுக் காட்டுத் தொழிலாளர்களிடம் இதைக் கண்டுபிடித்துதான் 1960களிலேயே அதிர்வைத் தாங்கும் கைப்பிடிகள் வந்தன. மலிவு மெஷினில் அந்த ரப்பர் போனால் மாற்றுவதற்கு ஸ்பேர் கிடைக்குமா? பல நேரம் கிடைக்காது.

"இந்த ராம்நாட்டு வெயிலில் அந்தக் கனமான கால்சட்டையைப் போட்டால் ஆள் மயங்கி விழுவார்" என்பது இன்னொரு வாதம். இதில் நியாயம் இருக்கிறது. செயின் பட்டவுடன் உள்ளிருக்கும் நீள நூல்கள் வெளியே வந்து சுற்றி மெஷினையே நிறுத்துகிற அந்தக் கால்சட்டை குளிர் தேசத்துச் சரக்குதான். ஆனால் காலின் முன்பக்கத்தை மட்டும் மறைத்துக் கட்டிக்கொள்கிற மாதிரியும் கிடைக்கிறது. விடிகாலை ஐந்தரைக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு, பிறகு அடுக்குவதும் ஏற்றுவதும் செய்யலாம். விலை? அந்தக் கால்சட்டை ஒன்றே சில சமயம் மெஷின் விலையைத் தாண்டும். வெயிலைக் காரணம் சொல்கிறவர்கள் பலரும் முழுங்குகிற விஷயம் இதுதான். வெயில் இல்லாத மார்கழியிலும் கைலியும் ரப்பர் செருப்பும்தானே?

சரி, கை போனால் நஷ்ட ஈடு? 1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் உறுப்புக்கு உறுப்பு சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போகும் என்று எழுதியிருந்தது. கட்டைவிரலுக்கு 30, ஒரு கையின் நாலு விரலுக்கு 50. படிக்கவே ஒரு மாதிரி இருக்கும், கசாப்புக் கடை விலைப்பட்டியல் போல. ஆனால் அதை வாங்குவதற்குக் கூட முதலில் ஒரு முதலாளி வேண்டும். "அவரு எங்கிட்ட வேலை பார்க்கலை, மெஷினை வாடகைக்கு எடுத்தாரு" என்று ஒரு வரி சொன்னால் வக்கீல், கோர்ட் என்று வருடக்கணக்கில் அலைய வேண்டும். மெஷின் வாடகை என்கிற ஏற்பாட்டின் உண்மையான லாபம் வாடகையில் இல்லை, இந்த ஒரு வரியில் இருக்கிறது.

அதற்காகக் கோடாலிக்கே திரும்புங்கள் என்று சொல்கிற இயற்கை ஆர்வலர்கள் கொஞ்சம் ஓரமாக நிற்கலாம். முள்ளுக்குள் குனிந்து நாள் முழுக்க வெட்டிப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். மெஷின் நல்ல விஷயம், வரட்டும். வருகிற மெஷினுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கட்டும், சொந்தக்காரருக்கு உள்ள செலவெல்லாம் அவருடைய கணக்கில் ஏறட்டும் என்பதுதான் விஷயம். அரம், செயின் ஆயில், இரண்டு மாற்றுச் செயின், கால் மறைப்பு, முகவலையும் காது மூடியும் உள்ள தலைக்கவசம். கூர் போடுகிற நேரத்துக்கும் கூலி. இவ்வளவும் கட்டுபடியாகவில்லை என்றால் அந்த டன் விறகின் விலையே தப்பு. அதைக் கேட்க வேண்டிய இடம் மூட்டத்துக்காரரிடமும் சூளைக்காரரிடமும்தான், அறுக்கிறவரின் விரலிடம் இல்லை.

சீசன் ஆரம்பிக்கும்போது கூலி பேச உட்காருவார்கள் அல்லவா, டன்னுக்கு எவ்வளவு என்று? அப்போதே அறுக்கிறவர்கள் சேர்ந்து இன்னொரு கேள்வியையும் போடலாம். அரம் யார் வாங்குவது? காண்ட்ராக்டர் "ஙே" என்று முழித்தால், மெஷின் வாடகையிலிருந்து அரத்துக்கும் ஆயிலுக்கும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்.