ஒரே தேதி, மூன்று சவப்பெட்டிகள்

ஆகஸ்ட் 16. அமெரிக்க வெகுசன இசையைப் பற்றி 'வரலாற்றில் இன்று' என்று பட்டியல் போடுகிறவர்களுக்கு இது கொழுத்த தேதி. 1938-இல் இதே நாளில் ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் செத்தார். 1977-இல் இதே நாளில் எல்விஸ் பிரெஸ்லி. 2018-இல் இதே நாளில் அரீதா ஃபிராங்க்ளின். இடையில் 1958-இல் மடோனா பிறந்தது, 1962-இல் பீட்டில்ஸ் குழு தன் டிரம் வாசிப்பாளர் பீட் பெஸ்ட்டை வெளியே அனுப்பியது, 1969-இல் வுட்ஸ்டாக் விழாவின் இரண்டாம் நாள் என்று இன்னும் நாலைந்து சேர்ப்பார்கள். சேர்த்துவிட்டு 'என்ன ஒரு விந்தை!' என்று முடிப்பார்கள்.

எனக்கு இதில் விந்தை ஒன்றும் தெரியவில்லை. வருசத்துக்கு 365 நாள்தான். ரெண்டு மூணு பேர் ஒரே தேதியில் செத்துத்தான் ஆகவேண்டும். என் எரிச்சல் வேறு. மூன்று பேருக்கும் 'மறைந்தார்' என்ற ஒரே வினைச்சொல்லைப் போட்டு ஒரே வரிசையில் உட்கார வைக்கிறார்களே, அதுதான் எரிச்சல். மூன்று பேரும் ஒரே மாதிரியா செத்தார்கள்? ஒரே மாதிரியா புதைக்கப்பட்டார்கள்? அவர்கள் பாட்டில் வந்த காசு யார் வீட்டுக்குப் போனது? பட்டியல் இந்தக் கேள்விகளையெல்லாம் துடைத்துவிட்டுத் தேதியை மட்டும் நம் கையில் கொடுக்கிறது. அந்தத் தேதியைத் திருப்பிப்போட்டு, பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று நாம் பார்க்க வேண்டும்.

'கறுப்பர் பாட்டு நமக்கு எதுக்குத் தோழர்?' என்று கேட்பவர்கள் உண்டு. 1946-இல் அண்ணல் அம்பேத்கர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டார். 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்தார்கள். அவர்களுடைய அரசியலைப் படித்தோம், கதையையும் கவிதையையும் மொழிபெயர்த்தோம். பாட்டை மட்டும் 'மேற்கத்திய இசை' என்று ஒரே மூட்டையாகக் கட்டி கான்வென்ட் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டோம். நான் தமிழ் வழியில் படித்தவன். இந்தப் பாட்டுகளில் பாதி வார்த்தை எனக்குப் பிடிபடாது. ஆனால் கணக்குப் பிடிபடும்.

முதல் பெட்டி

ராபர்ட் ஜான்சன் செத்தபோது வயது 27. மிசிசிப்பி மாநிலத்தில் கிரீன்வுட் ஊருக்குப் பக்கத்தில், பருத்தித் தோட்டப் பகுதி. 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லஸிலும் அவர் பாடிப் பதிவு செய்தது 29 பாட்டு. அம்புட்டுதான். அன்றைக்குக் கறுப்பர் பாடிய இசைத்தட்டுகளை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனியாகப் பிரித்து விற்றார்கள். தட்டிலும் ஒரு சேரி. பாடினவருக்குக் கையில் ஏதோ ஒரு தொகை கொடுத்து அனுப்புவது வழக்கம். விற்பனையில் பங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவருடைய இறப்புச் சான்றிதழை ஓர் ஆய்வாளர் தேடிக் கண்டெடுத்தது 1968-இல், செத்து முப்பது வருசம் கழித்து. சாவுக்கான காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'டாக்டர் இல்லை' என்று இருந்தது. சான்றிதழின் பின்பக்கம் பதிவாளர் விசாரித்து எழுதிய குறிப்பு இன்னும் கொடுமை. இவன் தன்னிடம் வேலை செய்தவன் இல்லை என்பதால் தோட்டத்து வெள்ளைக்காரர் டாக்டரைக் கூப்பிடவில்லையாம். மாவட்ட நிர்வாகம் கொடுத்த, வீட்டில் அடித்த பெட்டியில் புதைத்தார்களாம். மேகநோயில் செத்திருப்பான் என்பது தோட்ட முதலாளியின் அபிப்பிராயமாம். விஷம் வைத்துவிட்டார்கள் என்று சக பாடகர்கள் சொன்ன கதை இருக்கிறது, நிரூபணம் இல்லை. வேலை செய்தால்தான் வைத்தியம். அதுவும் இல்லாமல் செத்தால், எதனால் செத்தான் என்று சொல்லும் அதிகாரமும் முதலாளிக்கே. புதைத்த இடமாவது நிச்சயமா என்றால் அதுவும் இல்லை. கிரீன்வுட் சுற்றுவட்டாரத்தில் மூன்று தேவாலயங்களின் இடுகாடுகளில் அவர் பெயரில் மூன்று கல் நிற்கிறது.

செத்த பிறகு கதை கட்டினார்கள். நடுராத்திரியில் நாற்சந்திக்குப் போய்ச் சாத்தானிடம் ஆத்மாவை விற்று கிதார் வித்தையை வாங்கினார் என்று. இந்தக் கதையை ரசிக்காத வெள்ளை ரசிகர் குறைவு. நடந்தது என்ன? ஐக் ஸிம்மர்மன் என்ற மூத்த கறுப்பினக் கிதார்க்காரரிடம் போய்த் தங்கி, ராத்திரிகளில் இடுகாட்டில் உட்கார்ந்து, விரல் தேயத் தேயப் பழகினார். அதாவது ஒரு குருவும் உண்டு, உழைப்பும் உண்டு. கதையில் ரெண்டுமே காணோம். மேல்தட்டுக்காரன் நன்றாக வாசித்தால் அது மேதைமை, சாதகம், பாரம்பரியம். அடித்தட்டுக்காரன் வாசித்தால் பேய் பிடித்திருக்கிறது. உழைப்பைத் திருடுவதற்கு முன்னால் உழைப்பே நடக்கவில்லை என்று சொல்லிவிட்டால் திருட்டு சுலபமாகிறது.

திருட்டும் நடந்தது. 1969-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அவருடைய 'லவ் இன் வெய்ன்' பாட்டைத் தன் இசைத்தட்டில் போட்டபோது ஜான்சன் பெயர் அதில் இல்லை. 1990-இல் அவருடைய எல்லாப் பதிவுகளும் தொகுப்பாக வந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1994-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் படத்தைத் தபால்தலையாக வெளியிட்டது. மூலப் புகைப்படத்தில் உதட்டில் சிகரெட் இருக்கும். தபால்தலையில் அதை எடுத்துவிட்டார்கள். டாக்டர் இல்லாமல் சாகவிட்ட நாட்டுக்கு 56 வருசம் கழித்து அவர் உடல்நலத்தில் எவ்வளவு அக்கறை, பாருங்கள்! 2000-இல்தான் மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் அவருடைய மகனை வாரிசாக உறுதி செய்தது. அந்த மகன் அதுவரை சரளைக்கல் லாரி ஓட்டிப் பிழைத்தவர்.

இரண்டாவது பெட்டி

எல்விஸ் பிறந்ததும் மிசிசிப்பிதான். டுபெலோ என்ற ஊரில், ரெண்டே அறை வீட்டில். ஜான்சன் செத்த அதே 1938-இல் எல்விஸின் தகப்பனார் ஒரு காசோலையைத் திருத்திய குற்றத்துக்காகப் பார்ச்மன் சிறைப்பண்ணைக்கு அனுப்பப்பட்டார். பஞ்சம் பிழைக்க வந்த வெள்ளைக்காரக் குடும்பம். இதை மறைத்துவிட்டு எல்விஸைத் திட்டுவது நேர்மையாகாது. 1954 ஜூலை 5 அன்று மெம்ஃபிஸ் நகரத்து சன் ஸ்டுடியோவில் அவர் பாடிய 'தட்ஸ் ஆல் ரைட்' ஆர்தர் கிருடப் என்ற கறுப்பரின் பாட்டு. 'நான் வருவதற்கு வெகுகாலம் முன்பே கறுப்பர்கள் இதைத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள்' என்ற பொருளில் எல்விஸே பேட்டியில் சொல்லியிருக்கிறார். கிருடப்பின் பெயரையும் சொன்னார்.

அப்படியென்றால் பிரச்சினை எங்கே? தனிமனிதனின் மனசில் தேடினால் கிடைக்காது. கட்டமைப்பில் தேட வேண்டும். அதே பாட்டைக் கறுப்பர் பாடினால் ஒரு கடை, வெள்ளையர் பாடினால் வேறு கடை, வேறு வானொலி, வேறு விலை. 1953-இல் பிக் மாமா தார்ன்டன் பாடிய 'ஹவுண்ட் டாக்' கறுப்பர் இசைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. தனக்குக் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று அவர் சொன்னார். 1956-இல் எல்விஸ் பாடியபோது அது உலகப் பாட்டாயிற்று. கிருடப் தனக்குச் சேரவேண்டிய உரிமைத்தொகைக்காகக் கடைசிவரை அலைந்தார். 1970-களின் தொடக்கத்தில் 60,000 டாலர் தருவதாகப் பேச்சு முடிந்து, கையெழுத்துப் போடும் நேரத்தில் பதிப்புரிமைக் கம்பெனி பின்வாங்கியது. 1974-இல் செத்துப்போனார். வாழ்நாளெல்லாம் பண்ணை வேலையும் பார்த்தவர் அவர்.

1977 ஆகஸ்ட் 16 அன்று மெம்ஃபிஸில் தன் கிரேஸ்லாண்ட் மாளிகையில் எல்விஸ் செத்தபோது வயது 42. அதிபர் கார்ட்டர் இரங்கல் அறிக்கை விட்டார். செப்புப் பெட்டி; இறுதி ஊர்வலத்தைப் பார்க்கத் தெருவோரம் சுமார் 80,000 பேர். 1982-இல் அந்த மாளிகையைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். வருசாவருசம் லட்சக்கணக்கில் கூட்டம், ஆகஸ்ட் 15 ராத்திரி மெழுகுவர்த்தி அஞ்சலி. ஆகஸ்ட் 16 என்றாலே எல்விஸ் நாள்தான் என்று ஆகிப்போனது. நாற்பது வருசம் முந்திச் செத்தவருக்கு அந்தத் தேதியில்கூட ஓரத்து இடம்தான்.

மூன்றாவது பெட்டி

அரீதா பிறந்தது அதே மெம்ஃபிஸில், 1942-இல். வளர்ந்தது டெட்ராய்ட்டில். தந்தை பேர்பெற்ற போதகர். பாட்டு தேவாலயத்தில் தொடங்கியது. 1967-இல் அவர் பாடிய 'ரெஸ்பெக்ட்' ஓடிஸ் ரெடிங் என்ற கறுப்பின ஆண் எழுதிப் பாடியது. வீட்டுக்கு வரும் புருசன் பெண்டாட்டியிடம் கேட்கும் மரியாதையாக இருந்த பாட்டை, அரீதா பெண்ணின் வாயில் வைத்தார். புருசனைப் பார்த்துக் கேட்ட மரியாதை, அந்தக் காலத்தில், நாட்டையே பார்த்துக் கேட்டதாக ஆயிற்று. அதைத் தயாரித்த ஜெர்ரி வெக்ஸ்லர்தான் 1949-இல் பத்திரிகைக்காரராக இருந்தபோது 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்ற பட்டியல் பெயரை 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று மாற்றச் சொன்னவர். பெயர் மாறியது. கணக்கு மாறவில்லை. அமெரிக்காவில் வானொலியில் பாட்டு ஒலித்தால் எழுதினவர் பக்கத்துக்குத்தான் தொகை. பாடினவருக்குச் சட்டப்படி ஒன்றும் கிடையாது. சாகும்வரை அரை நூற்றாண்டு அந்தப் பாட்டு வானொலியில் ஒலித்ததற்கு அரீதாவுக்குக் கிடைத்தது பூச்சியம். ரெடிங்கும் கறுப்பர்தான், அவர் குடும்பத்துக்குக் காசு போனதில் எனக்குப் புகார் இல்லை. ஒலிபரப்பிச் சம்பாதித்த வானொலி முதலாளி பாடினவருக்குக் கொடுக்கவில்லை என்பதே என் புகார்.

அரீதா என்ன செய்தார்? கச்சேரிக்கு முன்னால் பணத்தை ரொக்கமாக எண்ணிக் கையில் வைத்தால்தான் மேடையேறுவார். கைப்பையை மேடைக்கே எடுத்து வருவார். 2015-இல் வாஷிங்டனில் கென்னடி சென்டர் விழாவில், அதிபர் ஒபாமா முன்னால் பாட வந்தபோதும் பையைக் கொண்டுவந்து பியானோ மேல் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். 'பெரிய பாடகிக்கு இது என்ன அல்பத்தனம்' என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். எனக்கு அந்தக் கைப்பை ஒரு வரலாற்று ஆவணம். அதற்குள் கிருடப் இருக்கிறார், தார்ன்டனின் 500 டாலர் இருக்கிறது, ஜான்சனுக்கு வராத டாக்டரின் ஃபீஸ் இருக்கிறது. ஏமாற்றப்பட்ட தலைமுறையைப் பார்த்துப் பாடம் படித்த ஒரு பெண், வக்கீலை நம்பாமல், கம்பெனியை நம்பாமல், தன் கூலியைத் தன் கண்முன்னே வைத்துக்கொண்டார்.

அந்தப் பணம் எதற்கு என்பதிலும் அவருக்குத் தெளிவு இருந்தது. 1970-இல் ஏஞ்சலா டேவிஸ் கைதானபோது, ஜாமீன் தொகை இரண்டரை லட்சம் டாலர் ஆனாலும் தான் கட்டுவதாக அறிவித்தார். கறுப்பின மக்கள் கொடுத்த பணம், கறுப்பின மக்களுக்கே போகட்டும் என்பது அவர் சொன்ன காரணம்.

2018-இல் டெட்ராய்ட்டில் செத்தபோது வயது 76. ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உடலை வைத்தார்கள். ரோசா பார்க்ஸ் உடல் கிடத்தப்பட்டதும் அதே இடம். ரோசா பார்க்ஸைச் சுமந்த அதே பழைய வண்டிதான் இவரையும் சுமந்தது. பெட்டி பொன்னிறத்தில் பளபளத்தது. இறுதிச் சடங்கு சுமார் எட்டு மணி நேரம். 'இவ்வளவு ஆடம்பரம் தேவையா?' என்று கேட்பவர்கள் முதல் பெட்டியை நினைத்துக்கொள்ளட்டும்.

தோழர்களே, கிரீன்வுட்டும் டுபெலோவும் மெம்ஃபிஸும் ஒன்றுக்கொன்று ஒரு பகல் பயணத் தூரத்துக்குள் இருக்கிற ஊர்கள். ஒரே மண், ஒரே பாட்டு. யார் வாயிலிருந்து வந்தது, யார் கணக்கில் ஏறியது என்பதுதான் வித்தியாசம். 'வரலாற்றில் இன்று' என்று எழுதினால் இப்படி எழுத வேண்டும்: ராபர்ட் ஜான்சன், 27 வயது, டாக்டர் இல்லை. எல்விஸ் பிரெஸ்லி, 42 வயது, மாளிகை. அரீதா ஃபிராங்க்ளின், 76 வயது, கூலியை முன்னாலேயே வாங்கிக்கொண்டார்.

மாணவத் தோழர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. நம் கூட்ட நோட்டீஸ்களை எடுத்துப் பாருங்கள். பேசுகிறவர் பெயர், அவர் பட்டம், பொறுப்பு எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். கூட்டத்தைக் கூட்டிக் கொடுத்த பறைக்காரரும் பாட்டுக்காரரும் 'கலைக்குழுவினர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போவார்கள். பேச்சாளருக்குப் போகவரக் கார். பாடினவருக்கு 'அப்புறம் பாத்துக்கலாம் அண்ணே'. வெள்ளைக் கம்பெனியைத் திட்டிவிட்டு நாமும் இதைச் செய்யக் கூடாது. அடுத்த நோட்டீஸில் பாடுகிறவரின் முழுப் பெயரைப் போடுங்கள். பாட்டு யார் கட்டியது, யாரிடம் படித்தது என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். போக்குவரத்துச் செலவையும் கூலியையும் பாட்டுக்கு முன்னாலேயே கையில் கொடுங்கள்.