கோப்பை மட்டும் போதாது

கோப்பையை வென்ற அணியே, அந்த வெற்றியைப் பறைசாற்றும் பதாகையைத் தனது அரங்கில் ஏற்ற வேண்டாம் என்று முடிவெடுத்தால், அந்தக் கோப்பைக்கு என்ன மதிப்பு? அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. 2025 டிசம்பரில் எதிர்கொண்ட கேள்வி இது. லாஸ் வேகாஸில் நடந்த என்.பி.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியை 124-113 என்ற புள்ளிக்கணக்கில் வென்ற நியூயார்க் நிக்ஸ்தான் அந்த முடிவை எடுத்தது. 1973-க்குப் பிறகு அதுவரை லீக் சாம்பியன் பட்டத்தையே காணாத அணி அது என்பது குறிப்பிடத்தக்கது.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நீளும் என்.பி.ஏ. பருவத்தில் ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடுகிறது. தொடக்க மாதங்களின் ஆட்டங்களில் ரசிகர்களின் ஆர்வம் குன்றுவதும், முன்னணி வீரர்களுக்கு ஓய்வு அளிக்கப்படுவதும் வாடிக்கையாகிவிட்ட நிலையில்தான், 2023-இல் இடைப்பருவக் கோப்பை அறிமுகமானது. 30 அணிகள் ஆறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. இறுதி ஆட்டம் தவிர மற்ற அனைத்தும் வழக்கமான 82 ஆட்டங்களின் கணக்கிலேயே சேர்க்கப்பட்டன.

முதல் கோப்பையை வென்ற லாஸ் ஏஞ்சலீஸ் லேக்கர்ஸ் அணி வீரர்களுக்குத் தலா 5 லட்சம் டாலர் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. ஆண்டுக்கு 4.7 கோடி டாலருக்கு மேல் ஊதியம் பெற்ற லெப்ரான் ஜேம்ஸுக்கு அது பொருட்டல்ல. ஆனால், சுமார் 11 லட்சம் டாலரைக் குறைந்தபட்ச ஊதியமாகப் பெற்ற புதுமுக வீரருக்கு அது ஏறத்தாழ அரையாண்டு ஊதியம். கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும் வீரருக்காகவும் ஆட வேண்டும் என்கிற உணர்வை இந்தப் பரிசு ஏற்படுத்தியது உண்மை.

பணத்தால் போட்டியைச் சூடாக்கலாம். மரபை உருவாக்க முடியாது. 2023-இல் கோப்பை வென்ற லேக்கர்ஸும், 2024-இல் வென்ற மில்வாக்கி பக்ஸும் அந்தந்தப் பருவத்தின் பிளே-ஆஃப் முதல் சுற்றிலேயே வெளியேறின. அந்த இரு இறுதி ஆட்டங்களிலும் தோற்ற இண்டியானா பேசர்ஸும் ஓக்லஹாமா சிட்டி தண்டரும்தான் 2025 ஜூனில் லீக் பட்டத்துக்காக மோதின. தண்டர் வாகை சூடியது.

ஆட்டங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே வீரர்களின் களைப்புக்கு உண்மையான மருந்து. ஆனால், ஆட்டம் குறைந்தால் வருவாயும் குறையும். அதனால்தான் மருந்துக்குப் பதிலாகக் கோப்பை வந்தது. அதன் பெயரை ஒரு விமான நிறுவனமும், நாக் அவுட் சுற்று ஒளிபரப்பை ஓர் இணைய வணிக நிறுவனமும் விலைக்கு வாங்கியிருப்பதில் வியப்பில்லை.

ஆயினும், இந்த முயற்சியில் பாராட்டத்தக்க அம்சங்கள் இரண்டு உண்டு. இறுதி ஆட்டத்தில் மோதும் இரு அணிகளைத் தவிர வேறு யாருக்கும் கூடுதல் சுமை இல்லை. வீரர்கள் சங்கத்துடன் 2023-இல் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தின்படியே இப்போட்டி பிறந்தது. வீரர்கள் கேட்கப்பட்டார்கள் என்பதுதான் முக்கியம்.

இந்தியா கவனிக்க வேண்டியது இதைத்தான். 2019 அக்டோபரில் மும்பையில் என்.பி.ஏ. அணிகள் ஆடியபோது எழுந்த ஆரவாரம் அடங்கிவிட்டது. அதற்கு முன்பு, 2015-இல் இங்கு தொடங்கப்பட்ட தனியார் கூடைப்பந்து லீக் 2017-க்குப் பிறகு நீடிக்கவில்லை. அறிவிப்புகளுக்கும் கோப்பைகளுக்கும் இங்கு பஞ்சமில்லை. வீரர்களிடம் கேட்டு முடிவெடுக்கும் வழக்கம்தான் இல்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசிய விளையாட்டு அமைப்புகளில் வீரர்கள் குழு இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழு கையெழுத்திடும் சடங்காகச் சுருங்கிவிடக் கூடாது. போட்டி அட்டவணையிலும் ஊதியத்திலும் அதன் குரல் எடுபட வேண்டும். ஆடுபவர் மதிக்கப்படாத இடத்தில், எத்தனை பளபளப்பான கோப்பையும் வெறும் உலோகமே!